காதைப் பொத்திக்கொண்ட முயல்

பெட்டி வாங்கியாயிற்று. போன வாரம் டீச்சரின் அண்ணன் கடை கடையாய் ஏறி இறங்கினானே, அந்தத் தகரப் பெட்டிதான். இப்போது அது கூடத்தின் நடுவில், போகிற வருகிற கால்களையெல்லாம் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாளைக் காலை அவன் மகள் அந்தப் பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போகிறாள். எட்டு வயசு. முன்பற்கள் இரண்டும் பெரிசாய் முளைத்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு முயல் என்றுதான் பெயர்.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் முயலின் அம்மா மாடியில் செத்துப்போனாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. துணி எடுக்க மேலே போன இடத்தில் மூச்சு முட்டியிருக்கிறது, இன்ஹேலர் கீழே கைப்பையில் இருந்திருக்கிறது. அண்ணன் லிப்ட் மெக்கானிக். அந்த நேரம் ஏதோ ஒரு கட்டடத்தின் லிப்ட் குழிக்குள் இருந்தான், அவனுக்குப் போன் போகவில்லை. அவன் தங்கை நாலாம் வகுப்பு டீச்சர், பள்ளிக்கூடத்தில் இருந்தாள். டீச்சரின் கணவர் கீழே தன் அறையில்தான் இருந்தார், ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார். காய்ச்சலுக்கு லீவு போட்ட முயல் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்படித்தான் அந்த வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து முயல் அம்மாவைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. சாயங்காலமானால் மாடிப்படியின் நடுவில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதை இறுக்கப் பொத்திக்கொள்கிறாள். ஏன் என்றால் பதில் வராது. மேலேயிருந்து அம்மா கூப்பிடுவது பிள்ளைக்குக் கேட்கிறது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அவனுக்கே கேட்கிறதோ என்னவோ, யார் கண்டது. மாடி விளக்கை அவன் பகலில்கூட அணைப்பதில்லை.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே," என்றாள் டீச்சர், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. இதை அவள் எத்தனையாவது தடவை சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அண்ணன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "எதைப் பாக்கறது? அவ படியில உக்காந்து காதைப் பொத்திக்கறதையா? இந்த வீட்ல இருக்கறவரைக்கும் அவ பேச மாட்டா. எனக்குப் பாக்க முடியல, அவ்வளவுதான்."

"என் கிளாஸ்லதான இருக்கா. என் கண்ணு முன்னாடிதான இருக்கா."

"இருந்து என்ன பண்ணினா? உன்கிட்டயாவது பேசினாளா?"

டீச்சர் உதவிக்குக் கணவரைப் பார்த்தாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "மச்சான் சொல்றது சரிதாம்மா. இடம் மாறினா பிள்ளை மாறும்," என்றார். ஹாஸ்டல் யோசனையே அவருடையதுதான். வார்டனின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

அவரை முயல் சவுண்டு மாமா என்று கூப்பிடுவாள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவர் குரலை நீங்களும் நானும் கேட்டிருப்போம், ஆளைத்தான் தெரியாது. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்கிறதே, அது அவர். அண்ணன் ரிப்பேர் பார்க்கிற லிப்டுகளில் 'கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்' என்று சொல்வதும் அவரேதான். வீட்டிலும் மாப்பிள்ளை வாயை மூடுவதில்லை, நான் வேலைக்குப் போன இடத்திலும் விடுவதில்லை என்று அண்ணன் ஒரு காலத்தில் சொல்லிச் சிரிப்பான். இப்போது அந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

குரல் பதிவு செய்கிற வேலை, அதனால் அவர் அறை வாசலில் ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் வீட்டில் மூச்சு விடக் கூடாது. பாத்திரம் உருளக் கூடாது, குக்கர் கத்தக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் டீச்சர் ஒரு தும்மலைத் தும்மிவிட்டு அரை நாள் பேச்சு வாங்கியிருக்கிறாள். அதற்கப்புறம் எல்லோருக்கும் பழகிவிட்டது. அண்ணன் குடும்பம் இந்த வீட்டுக்கு வந்தபோது முயலுக்கு அவள் அம்மா முதலில் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பல்பைப் பற்றித்தான்.

அன்று பள்ளியில் நீதிக்கதைப் பாடம்.

பள்ளி வாசலைத் தாண்டியதும் முயலுக்கு அத்தை கிடையாது, டீச்சர்தான். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. டீச்சர் பலகையில் எதுவும் எழுதிப்போடவில்லை. எழுதிப்போட்டால் பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதுவார்கள், ஒரு மண்ணும் மண்டையில் ஏறாது. இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரிந்த உண்மை அது ஒன்றுதான். அதனால் மூன்று கதை சொன்னாள். எது நீதிக்கதை என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கதையில் ஒரு ராட்சசன் உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது தடுக்கி விழுந்தான், அன்றிலிருந்து கடல் உப்பாகிவிட்டது.

"இது இல்ல டீச்சர்," என்றாள் வகுப்பு லீடர். "இது கடல் ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லுது. நமக்கு எதுவும் சொல்லல."

இரண்டாவதில் ஒரு நாய் பூங்காவில் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து பிஸ்கட் வாங்கித் தின்றது.

"மிருகம் வருது, இதான் நீதிக்கதை," என்றான் பின்பெஞ்சில் ஒருத்தன்.

"நாய் பேசிச்சா?"

"இல்ல."

"ஏதாவது தப்பு பண்ணி மாட்டிக்கிச்சா?"

"இல்ல. பிஸ்கட்தான் தின்னுச்சு."

"அப்ப அது வெறும் நாய்டா. நீதிக்கதையில வர்ற நாய், நாய் மாதிரி இருக்கும், ஆனா நம்ம மாதிரி நடந்துக்கும்."

மூன்றாவது கதையில் ஒரு பூனை. மதில்மேல் வெயில் படுகிற இடமெல்லாம் தனக்கே என்று மற்றப் பூனைகளை விரட்டியது. வெயில் நகர நகரப் பூனையும் நகர்ந்தது. கடைசியில் மதில் முடிந்துபோனது தெரியாமல் பொத்தென்று சாக்கடையில் விழுந்தது. வகுப்பே கைதட்டியது.

"இப்ப ஒரு சோதனை பண்ணணும்," என்றாள் டீச்சர். "மிருகம்கறது ஒரு முகமூடி. அதைக் கழட்டிட்டு உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரை அங்க நிக்க வைங்க. அப்பவும் கதை சரியா இருந்தா அதுதான் நீதிக்கதை."

பின்பெஞ்சுக்காரன் கையைத் தூக்கினான். "எங்க சித்தப்பாவ வெக்கலாம் டீச்சர். பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு எல்லார்கூடயும் சண்டை போடுவாரு."

"விழுந்தாரா?"

"இன்னும் விழல."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எந்தெந்த மிருகத்துக்கு என்னென்ன குணம் என்று டீச்சர் கேட்டாள். நரி தந்திரம், ஆமை நிதானம், முயல் அவசரம் என்று அடுக்கினார்கள். சரி, இப்போது ஆளுக்கொரு கதை சொந்தமாகச் சொல்லுங்கள் என்றதும் தலைகள் குனிந்துகொண்டன. எழுந்து நின்றது முயல்.

அந்த வருஷத்தில் பிள்ளை வகுப்பில் தானாக எழுந்து நிற்பது அதுதான் முதல் தடவை.

"ஒரு காட்டுல ஒரு மான் இருந்துச்சு," என்றாள் முயல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "மானுக்கு மூச்சு சரியா வராது."

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் மான் மலைமேல ஏறுச்சு. மேல போய் விழுந்துடுச்சு. அப்புறம் கூப்பிட்டுச்சு. கீழ ஒரு முயல் இருந்துச்சு. அதுக்குப் பெரிய காது. அதனால கேட்டுச்சு. தலையைத் தூக்கி மலையப் பாத்துச்சு. அப்புறம் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிச்சு. நடுவுல மரத்துல ஒரு அணில் இருந்துச்சு. அது ரெண்டு பேரையும் பாத்துச்சு. ஆனா அந்தக் காட்டுல ஒரு சட்டம். பழம் பழுத்திருந்தா யாரும் சத்தம் போடக் கூடாது. அன்னிக்குப் பழம் பழுத்திருந்துச்சு. அதனால அணில் சத்தம் போடல."

"அப்புறம்?" என்றது ஏதோ ஒரு குரல்.

"அப்புறம் மான் கூப்பிடறத நிறுத்திடுச்சு."

லீடர்தான் முதலில் பேசினாள். "தப்பு அணில் மேலதான் டீச்சர். அது போய் யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

முயல் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

டீச்சரின் தலைக்குள் வேறு என்னென்னமோ ஓடிக்கொண்டிருந்தது. தூங்கவில்லை. பிள்ளை அன்றைக்குத் தூங்கவே இல்லை. அவளுக்கு அது மட்டும்தான் புரிந்தது. வகுப்பை எப்படியாவது முடிக்க வேண்டும் என்று பாடத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். "நீதிக்கதையில வேலை இல்லாத ஆள் இருக்கக் கூடாது," என்றாள். "மானும் முயலும் போதும். அந்த அணில் ஒண்ணும் பண்ணலையே, அதை எடுத்துடலாம்."

"எடுக்க முடியாது டீச்சர்," என்றாள் முயல். "அது அங்க இருந்துச்சு."

"சரி, இருக்கட்டும். இந்தக் கதைக்கு நீதி என்ன?"

"தெரியல. அதான் உங்ககிட்டக் கேக்கலாம்னு சொன்னேன்."

நல்லவேளை, மணி அடித்தது.

சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் டப்பாவைத் திறக்கவே இல்லை. பாவி, எத்தனை மாசமாய் இதை மனசுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது அந்தப் பிஞ்சு. அம்மா கூப்பிட்டிருக்கிறாள், பிள்ளை பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் குற்றத்தைத்தான் தினமும் படியில் உட்கார்ந்து செய்து காட்டுகிறது. முயல் யாரென்று கேட்கவும் வேண்டுமா, வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர். இந்த நிலையில் ஹாஸ்டலுக்கு அனுப்பினால் என்ன நினைக்கும்? அம்மாவைக் கொன்றதற்குத் தண்டனை என்றுதானே நினைக்கும். டீச்சர் வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

போன் போகவில்லை. எந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறானோ. அன்றைக்கு அவன் மனைவி போட்டபோதும் இப்படித்தான் போகாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே மறுபடி மறுபடி போட்டாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். பழைய சாமான் கடை, சைக்கிள் ரிப்பேர்க் கடை, பாதி கட்டி நின்றுபோன கட்டடம் எல்லாவற்றையும் தாண்டும்வரை டீச்சர் வார்த்தையைத் தேடிக்கொண்டே வந்தாள். பிறகு முயலின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கண்ணு, உன் கதைக்கு நீதி யோசிச்சேன்."

முயல் நிமிர்ந்து பார்த்தாள்.

"முயல் மேல தப்பே இல்லடா. அது சின்னப் பிள்ளை. பயந்துபோய்க் காதைப் பொத்திக்கிச்சு. பயப்படறது தப்பு கிடையாது."

முயல் நடையை நிறுத்தினாள். டீச்சருக்கு ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு அதை வகுப்பு கண்டுபிடித்துவிட்டது போலிருந்தது.

"முயல் சின்னப் பிள்ளை இல்ல அத்தை. முயல் பெரியவரு."

"என்னது?"

"நான் அணில்," என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

டீச்சருக்கு ஒன்றும் ஓடவில்லை. இவளுக்குப் பெயரே முயல், ஆனால் இவள் அணில் என்றால் முயல் யார்? அண்ணனா? அவன் வீட்டிலேயே இல்லையே. தெருக்கோடி, வீட்டு கேட், செருப்பு விடுகிற இடம் எல்லாம் தன்னால் வந்து போயின. கதவைத் தள்ளி உள்ளே போனவள் அனிச்சையாகத் திரும்பி முயலைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். கூடத்துக்கு அப்பால் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முயல் எட்டி அவள் காதோரம் வந்தாள். "பழம் பழுத்திருக்கு, தெரியும்," என்று கிசுகிசுத்தாள்.

பூனைபோல் படியேறி நடுப்படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் அப்படியே நின்றாள். பிள்ளை மேலே பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கீழே, கண்ணாடி பதித்த அந்த அறைக் கதவை. அங்கே உள்ளே ஒரு தலை, தலையில் ஒரு பட்டை, பட்டையின் இரண்டு முனையிலும் பெரிய பெரிய கறுப்புத் திண்டுகள். பெரிய காது. மேலேயிருந்து எதுவும் கேட்காமலிருக்கப் பிள்ளை காதைப் பொத்தவில்லை. தான் பார்த்ததை இத்தனை மாசமாக எல்லோருக்கும் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வீடு முழுக்கப் பெரியவர்கள் இருந்தும் ஒருத்தருக்கும் அது புரியவில்லை. இந்த அழகில் நான் பிள்ளைகளுக்குச் சோதனை சொல்லிக்கொடுக்கிறேன் என்று டீச்சருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அணிலை எடுத்துவிடலாம் என்று வேறு சொன்னாளே.

பல்பு எரிகையில் அந்தக் கதவை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. இன்று திறந்தாள். மூடவும் இல்லை.

சவுண்டு மாமா திரும்பினார். "எரியறது தெரியலையா?"

"தெரியுது. ஒரு கதை சொல்லணும்."

"இப்பவா? நாளைக்கு அனுப்ப வேண்டிய வேலை இது."

"சின்னக் கதைதாங்க. இன்னிக்கு ஸ்கூல்ல ஒரு பிள்ளை சொன்னது. ஹெட்போனைக் கழட்டுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டீச்சர் நின்றபடியே சொன்னாள். வகுப்பில் சொல்வதுபோலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். மானுக்கு மூச்சு வராதது, மலைமேல் ஏறியது, கீழே பெரிய காதோடு ஒரு முயல் இருந்தது. கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. தப்பாக இருக்க வேண்டும், நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டேதான் சொன்னாள். அவரோடு வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அந்தக் கெஞ்சலில் இருந்தது.

"மான் கூப்பிட்டுச்சு. முயலுக்குக் கேட்டுச்சு, ஆனா போகல. காதைப் பொத்திக்கிச்சு. மான் விடாம நிறைய தடவை கூப்பிட்டுச்சு..."

"நிறைய தடவை இல்ல," என்றார் அவர். "ரெண்டு தடவைதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது கேட்டது. அந்த முகம் இருந்த இருப்பை நான் எழுதப்போவதில்லை.

டீச்சர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எப்பப் பாத்தாலும் கூப்பிடுவா, தெரியுமில்ல," என்றார் அவர். பஸ் நிலையமெங்கும் கேட்கிற அந்தக் குரல் இப்போது பக்கத்தில் இருப்பவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "குழாய் அடைச்சுக்கிச்சுன்னு கூப்பிடுவா, பல்பு மாத்தணும்னு கூப்பிடுவா. அன்னிக்கு நாலு தடவை தப்பாப் படிச்சுட்டு அஞ்சாவது தடவை சரியா வந்துட்டிருந்துச்சு. இதை முடிச்சுட்டுப் போலாம்னு நெனச்சேன். அவ்வளவுதாம்மா. முடிச்சுட்டுப் போலாம்னுதான் நெனச்சேன்."

"ரெண்டு தடவைன்னு எப்படி இவ்வளவு சரியாத் தெரியும்?"

"மைக் ஓடிக்கிட்டிருந்துச்சே, அதுல பதிஞ்சிடுச்சு." அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார். "ஊர்ல இருக்கற நாய் குரைப்பு, காத்து, இருமல் எல்லாத்தையும் அழிக்கிறேன். இதை அழிக்க முடியல. தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

பல்பு எரிந்த இத்தனை சாயங்காலமும் அவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அதான் பிள்ளைய அனுப்பச் சொன்னீங்களா?"

"படியில உக்காந்து என்னையே பாக்கறா. தினம் தினம் பாக்கறா. நான் என்ன பண்ணட்டும்?" அவர் அவள் கையைப் பிடித்தார். "மச்சான்கிட்டச் சொல்லிடாத. குழிக்குள்ள இறங்கி வேலை செய்யற ஆளு, இதையும் சுமந்துக்கிட்டு இறங்கினா என்ன ஆகும்னு யோசி. நாளைக்குப் பிள்ளை போயிடட்டும். அப்புறம் நானே சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்."

வாசலில் பைக் நின்றது. டீச்சர் கையை உருவிக்கொள்ளவில்லை. யோசி என்றவுடன் அவள் யோசிக்கத்தான் தொடங்கினாள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அண்ணன் இதைத் தாங்குவானா, இந்த வீடு இதற்கப்புறம் வீடாக நிற்குமா, ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அண்ணன் உள்ளே வந்தான். கையில் பெட்டிக்கு ஒரு புதுப் பூட்டு. பழக்க தோஷத்தில் சிவப்பு பல்பைப் பார்த்துச் சத்தமில்லாமல் நடந்தவன், அறைக் கதவு திறந்து கிடப்பதையும் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் படிக்கட்டின் அருகில் நின்றுவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்றான் மெதுவாக.



படியில் முயல் காதிலிருந்து கைகளை எடுத்தாள். எழுந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள், வீடு முழுக்கக் கேட்கிற குரலில். "நான் ஒரு கதை சொல்லட்டுமா? இதுல மிருகம் எதுவும் வராது."